எட்டு விளக்கும் எரிந்த வயர்: அல்சூர் வீடு ஒன்றில் டிவி பெட்டியின் லேன் கோளாறு

பின்னணி

பெங்களூரு அல்சூரில் மூன்று தளம் கொண்ட சொந்த வீடு. தரைத்தளத்தில் பணி ஓய்வு பெற்ற தம்பதி, மேல்தளத்தில் மகன் குடும்பம், நடுவில் வாடகைக்கு ஒரு குடும்பம். ஃபைபர் இணைப்பு நேராக மேல்தளத்தில் மகனின் அறைக்கு வந்து அங்குள்ள ஓஎன்டியில் முடிகிறது. வீட்டில் எல்லோரும் அதை மோடம் என்றே சொல்கிறார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும். திட்டம் 200 எம்பிபிஎஸ்.

டிவி இருப்பது கீழே ஹாலில். பழைய டிவி என்பதால் எச்டிஎம்ஐ துளையில் ஓர் ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. மோடத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் தளங்கள், ஒன்பது இன்ச் செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கீழே வந்து சேரவே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தது, ஆனால் அந்த அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. நெருக்கமான தெருவில் எல்லா வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றையே பங்கு போடுகின்றன. மதியம் ஓடும் படம் இரவு எட்டரைக்கு நின்று நின்று ஓடியது.

எனவே லேன் வயர் இழுக்க முடிவு செய்தார்கள். முடிவு சரியானதுதான். முன்பு கேபிள் டிவிக்காகப் போட்ட பைப் மேலிருந்து கீழ்வரை சுவருக்குள் இருந்தது. வீட்டு எலக்ட்ரீஷியன் பழைய கேபிளின் முனையில் புது வயரைக் கட்டி இழுத்து இறக்கினார். 230 வோல்ட் ஒயரிங் ஓடும் பைப்பில் சேர்த்து இழுக்கவில்லை. நல்ல வேளை, பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. இரைச்சலை விடுங்கள், உறை உரிந்தால் உயிருக்கே ஆபத்து. வேறொரு வேலையில் மிஞ்சிய வயரைக் கொண்டுவந்து, இரு முனையிலும் ஆர்ஜே45 பிளக்கை (லேன் வயரின் முனை) அவரே கிரிம்ப் செய்தார், அதாவது அழுத்திப் பொருத்தினார். வயர் டெஸ்டரை மாட்டிக் காட்டினார். 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பணம் வாங்கிக்கொண்டு போனார்.

புகார்

வயரைச் செருகியதும் பெட்டியில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. முகப்புப் பக்கமும் படங்களின் சிறு அட்டைகளும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன. படத்தைத் தொட்டால் மங்கலாகத் தொடங்கி, அரை நிமிடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வயரைப் பிடுங்கினால் பெட்டி வைஃபைக்குத் தாவி, முன்னைப் போலத் திக்கித் திணறியாவது ஓடியது. “வயர் போட்டதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசமாச்சு தம்பி” என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது துல்லியம். ஆண்ட்ராய்டு டிவியில் லேன் வயர் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் வைஃபையை ஒதுக்கிவிட்டு வயரைத்தான் பயன்படுத்தும். அந்த வயரின் தரத்தை அது எடைபோடுவதில்லை.

அடுத்த பத்து நாட்களில் வீட்டிலேயே செய்து பார்த்தவை நிறைய. பெட்டியை ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். இணைய நிறுவனத்தில் புகார் கொடுத்தார்கள். வந்தவர் மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகம் பார்த்து, 190-க்கு மேல் வருகிறது என்று காட்டிவிட்டுப் போனார். அவர் பொறுப்பு மோடத்தோடு முடிகிறது, அதில் தவறு சொல்ல முடியாது. பிறகு மகன் ஒரு காணொளியைப் பார்த்துப் பெட்டியில் ஐபி முகவரியைக் கைப்பட எழுதி வைத்தார். அதுவும் உதவாததால் பழைய ரூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, சுவரிலிருந்து வரும் வயரை அதில் செருகி, அதிலிருந்து சின்ன வயரில் பெட்டிக்குக் கொடுத்தார், ‘பூஸ்ட்’ ஆகும் என்று. அதன் பிறகு மேலே அவருடைய அலுவலக லேப்டாப்பிலும் அவ்வப்போது இணையம் அறுந்தது. அதற்கும் இணைய நிறுவனத்துக்கே இன்னொரு புகார் போனது.

நெட்வொர்க் வேலை தெரிந்த தெருக்காரர் ஒருவரை அழைத்தபோது நிலைமை இதுதான். மூலக்கோளாறு ஒன்று, அதன் மேல் சரிசெய்யப் போய் ஏற்றியவை இரண்டு. பெட்டியின் லேன் துளை போய்விட்டது என்று முடிவு கட்டி, புதுப் பெட்டிக்கு ஆர்டர் போடும் கட்டத்தில் இருந்தார்கள்.

முதல் வேலை: சேர்த்ததை எடுப்பது

வந்தவர் எதையும் சரிசெய்யத் தொடங்கவில்லை. முதலில் படம் வரைந்தார்: எந்த வயர் எந்தத் துளையிலிருந்து எங்கே போகிறது என்று. ஹாலில் இருந்த பழைய ரூட்டரில் சுவர் வயர் வேன் துளையில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) இல்லை, லேன் துளையில் இருந்தது. அதன் டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி, அணைக்கப்படவில்லை.

மகனின் லேப்டாப் அறுந்ததற்குக் காரணம் இதுவே. வீட்டுக் கருவி ஒவ்வொன்றும் வலைக்குள் நுழையும்போது ‘எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று பொதுவாகக் கூவும். முதலில் பதில் சொல்பவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். லேன் துளை வழியாக இணைந்த பழைய ரூட்டரும் மோடமும் ஒரே வலையில் இருந்ததால் இரண்டும் பதில் சொல்லின. மோடம் 192.168.1 வரிசையில் கொடுத்தது, பழைய ரூட்டர் 192.168.0 வரிசையில். மோடத்தின் பதிலை வாங்கிய கருவிக்கு இணையம் உண்டு. பழைய ரூட்டரின் பதிலை வாங்கியது, ‘வெளியே போக 192.168.0.1 வழி’ என்று நம்பி, வேன் துளை காலியாக இருந்த அந்த ரூட்டரின் வாசலில் போய் நின்றது. இணைப்பு இருக்கும், இணையம் இருக்காது. எந்த நேரத்தில் எந்தக் கருவிக்கு எது வாய்க்கும் என்று சொல்லவே முடியாததால்தான் இது நிறுவனத்தின் கோளாறு போலத் தோன்றியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சிக்கல் வரும் நேரத்தில் கருவியின் நெட்வொர்க் விவரத்தில் கேட்வே (வெளியே போகும் வழி) எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். லேப்டாப்பில் அன்றைக்கு 192.168.0.1 என்றே இருந்தது.

பழைய ரூட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துப் போட்டதும் 192.168.1 வரிசைக்கு வந்தது. மாடிச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. ஹாலில் மாற்றம் இல்லை.

பெட்டி குற்றவாளியா?

அடுத்து பெட்டியையும் அதன் மின் அடாப்டரையும் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, தொழிற்சாலையிலேயே முடித்து வந்த ஒன்றரை மீட்டர் பேட்ச் கார்டில் நேராக இணைத்தார். டிவி தேவை என்பதால் மகன் அறையின் மானிட்டரில் எச்டிஎம்ஐ கொடுத்தார்கள்.

இணையம் வரவில்லை. “பாத்தீங்களா, பெட்டிதான்” என்றார் மகன்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் புதுப் பெட்டி வாங்கப்படுகிறது. வந்தவர் பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தார்: ஐபி கைப்பட எழுதியது, கேட்வே 192.168.0.1. காணொளியைப் பார்த்து எழுதி, மறந்துபோன அமைப்பு. அதை டிஎச்சிபிக்கு மாற்றியதும் இணையம் வந்தது. வேகச் சோதனையில் 94 எம்பிபிஎஸ். 4கே படம் தடையின்றி ஓடியது. இருபது நிமிடம் ஓட விட்டார்கள், ஒருமுறையும் வட்டம் சுற்றவில்லை.

ஆக, பெட்டியின் லேன் துளை நன்றாக இருந்தது, மோடத்தின் துளையும் சரி, திட்டமும் சரி. மிஞ்சியது சுவருக்குள் இருக்கும் வயர்.

வயரைச் சோதித்தது

ஹாலில் சுவரிலிருந்து வரும் பிளக்கை நேரடியாக மகனின் லேப்டாப்பில் செருகினார், வைஃபையை அணைத்துவிட்டு. பெட்டியை வைத்துக்கொண்டு வயரைச் சோதிப்பது வீண். அதில் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம். லேப்டாப்பில் எல்லாம் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது லிங்க் வேகம். லேப்டாப்பும் மோடமும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) துளை உள்ளவை. செருகியதும் இணைப்பு வந்தது, போனது, மறுபடி வந்தது; சில விநாடிகள் தடுமாறி 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100-க்கு இரண்டு ஜோடி போதும். நான்கில் எங்கோ குறை இருந்தால் இப்படி இறங்கி வருவது வழக்கம்.

பிறகு மோடத்துக்குப் பிங் (ஒரு பொட்டலம் தரவை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), நூறு தடவை. வழக்கமான 32 பைட் அளவில் இரண்டு மட்டும் தொலைந்தன. அளவை 1400 பைட்டாக ஏற்றி மறுபடி நூறு: முப்பத்தொன்று தொலைந்தன. சின்னப் பொட்டலம் போய்ச் சேர்கிறது, பெரியது வழியில் சிதைகிறது. பொட்டலத்தில் ஒரு பிட் கெட்டாலும் எதிர்முனை முழுப் பொட்டலத்தையும் எறிந்துவிடும். நீளமான பொட்டலம் அடிபட வாய்ப்பு அதிகம். முகப்புப் பக்கம் வந்ததற்கும் படம் ஓடாததற்கும் விளக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது. வேகச் சோதனையில் பதிவிறக்கம் 3 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை, பதிவேற்றம் 60-ஐத் தொட்டது. இந்த ஏற்றத்தாழ்வையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

டெஸ்டரை மாட்டினார். எலக்ட்ரீஷியன் காட்டியது போலவே எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

அதன் பிறகு செய்த சோதனை வழக்கமாக யாரும் செய்யாதது, ஆனால் செலவில்லாதது. லேப்டாப்பின் லேன் அடாப்டர் அமைப்பில் வேகத்தை 10 எம்பிபிஎஸ் ஹாஃப் டியூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று பூட்டினார். ஃபுல் டியூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று வைக்கக் கூடாது. தானாகப் பேசி வேகத்தைத் தீர்மானிக்கும் நிலையில் இருக்கும் எதிர்முனை, பேச ஆள் இல்லாதபோது ஹாஃப் என்றே எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் பொருந்தாமல் அதுவே புதிய இழப்பை உண்டாக்கிச் சோதனையைக் கெடுத்துவிடும். ஹாஃப் என்று வைத்து 1400 பைட் பிங் நூறு தடவை. ஒன்றும் தொலையவில்லை.

கம்பி அறுந்தோ பிளக்கில் ஆடிக்கொண்டோ இருந்தால் 10-லும் தொலைந்திருக்கும். 10-ல் சுத்தமாகவும் 100-ல் குப்பையாகவும் இருந்தால் அலைவெண் ஏற ஏறச் சமிக்ஞை கெடுகிறது என்று பொருள். 10 எம்பிபிஎஸ்ஸில் சமிக்ஞையின் அடிப்படை அலைவெண் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, 100-ல் 31.25 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த இடைவெளியில் கெடுப்பது பெரும்பாலும் கம்பிக்குக் கம்பி தாவும் இரைச்சல். அத்தோடு டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துப் பிளக்கின் கண்ணாடி உறை வழியாக நிறங்களைப் பார்த்தார்.

எட்டு விளக்கு எரிந்தும் ஏன் வேலை செய்யவில்லை

கொக்கி கீழே, கம்பி நுழையும் பக்கம் நம்மை நோக்கி இருக்குமாறு பிடித்தால் இடமிருந்து வலமாக 1 முதல் 8. பிளக்கில் இருந்த வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்க ஒழுங்காக இருக்கிறது: ஜோடி ஜோடியாக, வெள்ளை முதலில், நிறம் பின்னால். மாடி முனையிலும் அதே வரிசை.

இருக்க வேண்டியது டி568பி என்ற நிலையான நிற வரிசை, சுருக்கமாக பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். வித்தியாசம் சின்னது. பச்சையும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் லேன் வயரில் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வர வேண்டும். எலக்ட்ரீஷியனின் வரிசையில் 3-க்கு வெள்ளை-பச்சை போகிறது, 6-க்கு நீலம் போகிறது. இரண்டும் வெவ்வேறு முறுக்குகள். தொழிலில் இதை ஸ்பிளிட் பேர் என்பார்கள்.

ஜோடியாக முறுக்குவது அழகுக்கு அல்ல. ஒரே சமிக்ஞை ஒரு கம்பியில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் போகிறது. எதிர்முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. வெளியிலிருந்து இரைச்சல் வந்தால், பின்னிக் கிடக்கும் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும், கழிக்கும்போது காணாமல் போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் நெருக்கத்தை வேறு வேறாக வைத்திருப்பதும் ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறாமல் இருக்கத்தான். 3-ம் 6-ம் தனித்தனி முறுக்கில் போனால் ஏறிய இரைச்சல் இரண்டிலும் சமமாக இருக்காது, கழியாது. பக்கத்து 1-2 ஜோடியில் போகும் சமிக்ஞையே இதற்குள் இரைச்சலாக நுழைந்துவிடும்.

டெஸ்டர் இதைப் பார்ப்பதில்லை. அது 1-லிருந்து 1-க்கு, 2-லிருந்து 2-க்கு மின்சாரம் போகிறதா என்று மட்டும் கேட்கிறது. இரு முனையிலும் ஒரே தவறைச் செய்தால் எட்டுக்கும் ‘ஆம்’ என்றே பதில் வரும். ஸ்பிளிட் பேரைக் காட்டும் கருவிகள் உண்டு, விலை அதிகம். வீட்டு எலக்ட்ரீஷியன் பையில் இருக்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மின் வேலையில் கம்பி தொடர்ச்சியாக இருந்தால் வேலை முடிந்தது. இரண்டு மீட்டர் வயரில் இதே வரிசையில் முடித்தால் பெரும்பாலும் ஓடிவிடும், அதனால்தான் ‘எப்பவும் இப்படித்தான் சார் போடுவேன், எங்கேயும் கம்ப்ளைண்ட் வந்ததில்ல’ என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள்.

இங்கே நீளம் 26 மீட்டர். வயரின் உறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். இரு முனையிலும் தெரியும் எண்களைக் கழித்தால் சுவருக்குள் ஓடும் நீளம் கிடைத்துவிடும், டேப் வேண்டாம்.

பதிவிறக்கம் மட்டும் மோசமாக இருந்ததற்கும் இதுவே காரணம். வழக்கமான அமைப்பில் லேப்டாப்போ பெட்டியோ 1-2-ல் அனுப்பி 3-6-ல் வாங்கும். 1-2 ஜோடி முறையாக இருந்தது. சீர்குலைந்தது வாங்கும் வழி. இக்காலத் துளைகள் வழியைத் தாமே மாற்றிக்கொள்ளக் கூடியவை என்பதால் எல்லா வீட்டிலும் பதிவிறக்கம்தான் அடிபடும் என்று சொல்ல முடியாது. ஒரு திசை நன்றாகவும் மறு திசை படுமோசமாகவும் இருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் போகட்டும்.

முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. மெஷ் வைஃபை (வீட்டில் ஆங்காங்கே வைக்கும் வைஃபை கருவிகளின் செட்) வாங்குவது மகனின் யோசனை. இரண்டு கான்கிரீட் தளத்தைக் கடக்க நடுத்தளத்தில் ஒரு கருவி வைக்க வேண்டும், அது வாடகை வீடு. புது வயர் இழுப்பது இரண்டாவது. மூன்றாவது, இருக்கும் வயரின் முனைகளை மட்டும் வெட்டி மறுபடி முடிப்பது.

முடிவெடுக்கும் முன் வயரின் தரத்தைப் பார்த்தார்கள். மாடி முனையில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டியதில் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். உறையில் கேட் 6 என்று அச்சிட்டிருந்தாலும், முழுச் செம்பு இல்லாத வயர் அந்தத் தரத்துக்குள் வராது. மின் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு இதே வயரில் மின்சாரம் அனுப்புவதாக இருந்தால் அன்றைக்கே பிடுங்கியிருப்பார்கள். இங்கே தேவை 26 மீட்டருக்கு ஒரு டிவி பெட்டி. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பதே 15 எம்பிபிஎஸ்தான். எனவே முதலில் முனைகளை மாற்றுவது, அதிலும் இழப்பு இருந்தால் வயரை மாற்றுவது என்று தீர்மானித்தார்கள். பழைய வயரே புது வயரை இழுத்துவர உதவும் என்பதால் முனைகளை மாற்றித் தோற்றாலும் நஷ்டம் இல்லை.

ஹால் பக்கம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுவருக்கு வெளியே வயர் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். பிளக் கிரிம்ப் செய்வதில் ஒருமுறை தவறினால் மூன்று சென்டிமீட்டர் போகும், இரண்டு முறைக்கு மேல் கை வைக்க முடியாது. மேலும், ஒடியக்கூடிய கம்பியில் பிளக் போட்டுத் தொங்கவிட்டால் டிவி ஸ்டாண்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் வளையும். ஆகவே ஹாலில் பிளக் வேண்டாம், சுவரிலேயே கீஸ்டோன் ஜாக்கும் (பிளக் செருகும் துளை) ஃபேஸ்பிளேட்டும் (அதைத் தாங்கும் மேல்தகடு), அதிலிருந்து பெட்டிக்கு ஆயத்த பேட்ச் கார்டு என்று முடிவானது. மாடியிலும் அதே. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இவை எல்லாக் கடையிலும் கிடைக்கும். இரண்டு ஜாக், இரண்டு பிளேட், இரண்டு பேட்ச் கார்டு, எல்லாம் சேர்ந்து மெஷ் செட்டின் விலையில் சிறு பங்குதான்.

வேலை

பழைய பிளக்கை வெட்டி, வெளி உறையை மூன்று சென்டிமீட்டர் உரித்தார். உரிக்கும் கருவியைச் சுற்றும்போது உள்ளே கம்பியின் உறையில் கீறல் விழக் கூடாது; விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அலுமினியத்தில் கீறல் விழுந்த இடம் அடுத்த வளைவில் ஒடியும்.

கீஸ்டோன் ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசைகள் ஒட்டியிருக்கும். இரு முனையிலும் ஒரே எழுத்தைப் பின்பற்ற வேண்டும்; இங்கே பி. ஜாக்கில் நிறங்கள் பிளக்கின் வரிசையில் இருக்காது, அதன் உள் அமைப்பு இடம் மாற்றிக்கொள்ளும். அதனால் மனப்பாட வரிசையை மறந்துவிட்டு ஸ்டிக்கரை மட்டும் பார்ப்பது நல்லது.

முறுக்கைப் பிரிக்கும் நீளம்தான் அடுத்த கவனம். கேட் 5இ தரத்துக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வேலை எளிதாகும் என்று ஐந்து சென்டிமீட்டர் பிரித்து வைப்பவர்கள் உண்டு. அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு அதுவும் ஒரு குட்டி ஸ்பிளிட் பேர்தான். ஜோடியை முறுக்கோடு ஜாக்கின் வாய்வரை கொண்டுபோய், கடைசி இடத்தில் மட்டும் பிரித்து, பஞ்ச் டவுன் கருவியால் அழுத்தினார். கருவியின் வெட்டும் பக்கம் ஜாக்கின் வெளிப்புறம் இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் வேண்டிய கம்பியே வெட்டுப்படும்.

மாடியில் ஒரு நீலக் கம்பி அழுத்தும்போது ஒடிந்தது. அங்கே வயர் தாராளமாக இருந்ததால் வெட்டிவிட்டு மறுபடி செய்தார். ஹாலில் நடந்திருந்தால் சிக்கல்.

முடித்ததும் டெஸ்டர் எட்டு விளக்கைக் காட்டியது, முன்பு காட்டிய அதே எட்டு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. லேப்டாப்பை மாட்டி, வேகப் பூட்டைத் தானியங்கிக்கு மாற்றினார்கள் (இதை மறந்தால் 10-லேயே நிற்கும்). தடுமாற்றமின்றி 1 கிகாபிட்டில் லிங்க் வந்தது. 1400 பைட் பிங் நூறில் நூறு. வேகச் சோதனையில் 190-க்கு மேல். பெட்டியை மாட்டியதும் 94.

பிறகு வந்தவை

முதல் கேள்வி வீட்டுக்காரரிடமிருந்து. “இருநூறுக்குப் பணம் கட்றோம், தொண்ணூத்தி நாலுதான் வருது?” பெட்டியின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகை. சந்தையில் உள்ள பல டிவி பெட்டிகளிலும் டிவிகளிலும் துளை அப்படித்தான், பொட்டலத்தின் மேலுறைச் செலவு போக 94 என்பது அதன் உச்சம். வயரில் கிகாபிட் ஓடுவதை லேப்டாப் காட்டிவிட்டது. யூஎஸ்பி லேன் அடாப்டர் போட்டு ஏற்றலாம் என்றார் மகன். 15 போதும் என்ற இடத்தில் 94 இருக்கும்போது அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று விடப்பட்டது. ப்ளூரே தரத்து 4கே கோப்புகளை வீட்டு ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட்டுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவ்வகை வட்டுகளின் உச்சம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும், 100 துளையில் அது திணறும்.

இரண்டாவது, கிரிக்கெட். பக்கத்து வீட்டில் டிடிஎச். அங்கே கத்தல் எழுந்து சில விநாடிகள் கழித்துத்தான் இங்கே விக்கெட் விழுகிறது. வயரில் இன்னும் கோளாறு இருக்கிறது என்று அம்மையார் சொன்னார். நேரலையைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, கொஞ்சம் சேமித்து வைத்து ஓட்டுவதால் வரும் தாமதம் அது. எந்த வயராலும் அதைப் போக்க முடியாது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது பிங்கில் இழப்பு இல்லை. மகனின் லேப்டாப்பும் அறுபடவில்லை. புதுப் பெட்டி ஆர்டர் ரத்து ஆனது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பழைய ரூட்டரை ஹாலில் துளைகளுக்காக வைத்துக்கொள்ள மகன் விரும்பினார். வைக்கலாம், ஆனால் முதலில் அதைத் தனியாக ஒரு லேப்டாப்பில் மாட்டி டிஎச்சிபியை அணைக்க வேண்டும். அதன் சொந்த முகவரியை மோடம் பங்கிடும் எண்களுக்கு வெளியே, 192.168.1 வரிசையில் வைக்க வேண்டும். வேன் துளையைத் தொடக் கூடாது. இவ்வளவு செய்வதைவிட ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் வயரைப் பலவாகப் பிரிக்கும் கருவி) ஒன்று எளிது, அதில் அமைப்பே கிடையாது. கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், ஹாலில் இருப்பது ஒரே ஒரு பெட்டி.

பெட்டியில் ஐபியைக் கைப்பட எழுதுவது இந்த வீட்டில் எதற்கும் உதவவில்லை, பெட்டியின் மீது வீண்பழி விழ மட்டும் காரணமானது. ஒரே முகவரி நிரந்தரமாக வேண்டும் என்றால் மோடத்தின் பக்கத்திலேயே அந்தப் பெட்டிக்கு எண்ணை ஒதுக்கலாம். அப்போது பெட்டி எப்போதும் டிஎச்சிபியிலேயே இருக்கும், வேறு வலைக்கு எடுத்துப் போனாலும் ஓடும்.

வயர் இழுக்கும் நாளில் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: கம்பி முழுச் செம்பா, வரிசை பி-யா. முதலாவதை ஒரு பிளேடு சொல்லிவிடும். இரண்டாவதற்கு 3-க்கும் 6-க்கும் பச்சை ஜோடி போகிறதா என்று பிளக்கைப் பார்த்தால் போதும். பணம் கொடுக்கும் முன், டெஸ்டருக்குப் பதிலாகக் கிகாபிட் துளை உள்ள லேப்டாப்பை மாட்டி, லிங்க் 1 கிகாபிட்டில் நிற்கிறதா, 1400 பைட் பிங் தொலையாமல் வருகிறதா என்று பார்ப்பது மூன்று நிமிட வேலை. பெட்டியின் ‘இணைக்கப்பட்டது’ என்ற சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இந்த வீட்டில் அலுமினிய வயர் இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது. இரு ஃபேஸ்பிளேட்டின் உள்பக்கத்திலும் ‘பி வரிசை, அலுமினியம், 26 மீட்டர்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மாற்றும் நாளில் முழுச் செம்பு வயரோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்துப் பைப்பிலேயே விட்டுவிட வேண்டும், ஹால் பக்கம் வயரை ஒரு மீட்டராவது மிச்சம் வைக்க வேண்டும் என்பது வரை பேசி வைத்திருக்கிறார்கள்.